நிச்சயதார்த்தத்துக்குப் போன கரண்ட் வண்டி

பதினான்கு வருடமாக பிளஸ் டூ மாணவிகளுக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறேன். நடுத்தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஓமின் விதியைப் பிழையில்லாமல் சொல்வேன். ஆனால் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டால்தான் பேட்டரியில் சார்ஜ் ஏறும் என்ற விஷயத்தை என்னுடைய முப்பத்தெட்டாவது வயதில்தான் கற்றுக்கொண்டேன். அதுவும் வடபழனியில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், பெண் வீட்டார் அத்தனை பேரும் பார்க்க.

எல்லாம் அந்த எலெக்ட்ரிக் பைக்கால் வந்தது. (ஸ்கூட்டர் இல்லை, பைக். அந்த நாட்களில் இதை யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தேன்.) மயிலாப்பூரில் எங்கள் தெருவில் அதுதான் முதல் கரண்ட் பைக். ஆகையால் அதைப்பற்றிப் பேசும் பொறுப்பு முழுவதும் என் தலையில் விழுந்ததாக நானே முடிவு செய்துகொண்டேன். பள்ளி ஆசிரியர் அறையில் பேசினேன். காய்கறிக் கடையில் பேசினேன். பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரிடம், வாய் மரத்துப்போன நிலையிலும் பேசினேன். "பெட்ரோல் பங்க் எந்தப் பக்கம் இருக்குன்னே மறந்துபோச்சு" என்பதுதான் என்னுடைய தொடக்க வரி.

என் கணவர் முரளிக்கு ஒரு பெட்ரோல் பைக் உண்டு. எங்கள் கல்யாணத்தைவிட அதற்கு வயது அதிகம். காலையில் சோக்கை இழுத்து, வண்டியை இடப்பக்கம் சாய்த்து நிமிர்த்தி, டேங்க்கைத் தட்டி "வாடா செல்லம்" என்று கொஞ்சி, ஏழு முறை உதைப்பார். எட்டாவது உதையில் அது இருமும். அந்த இருமலைக் கேட்டுத்தான் மேல்வீட்டுக் குழந்தை எழுந்து பள்ளிக்கூடம் கிளம்பும். நானோ என் வண்டியில் ஏறி, ஒரு பொத்தானை அமுக்கி, சத்தமே இல்லாமல் அவரைக் கடந்து போவேன். போகும்போது புகைக்காக முந்தானையால் மூக்கை மூடிக்கொள்வதும் உண்டு. (புகை அவ்வளவு ஒன்றும் இருக்காது. வேண்டுமென்றேதான்.)

சத்தம் இல்லாததில் ஒரே ஒரு சிக்கல். மாட வீதிக் கூட்டத்தில் நான் பின்னால் வந்து நிற்பது யாருக்கும் தெரியாது. ஹார்ன் அடித்தால் எகிறிக் குதிப்பார்கள். ஒரு பெரியவர் கையிலிருந்த தேங்காய் மூடியைக் கீழே போட்டுவிட்டு, "ஏம்மா, பூனை மாதிரி வர்றியே, ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டார். அதையும் வண்டிக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்தச் சமயத்தில்தான் என் தம்பி செந்திலுக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. பெண் கவிதா அவன் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தாள். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் சரி என்று சொல்வதுதான் பாக்கி. நாங்கள் குடும்பமாக வடபழனியில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். கவிதாவின் அப்பா ஏகாம்பரம் தடித்த மீசையும் குறைந்த பேச்சுமாக உட்கார்ந்திருந்தார். பஜ்ஜி வந்தது. காப்பி வந்தது. பேச்சில் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அந்த இடைவெளியில் நான் பைக்கை ஓட்டினேன்.

"சார், ஆயில் மாத்த வேண்டாம். பிளக் கிடையாது, கிளட்ச் கிடையாது, கார்புரேட்டர் கிடையாது. இன்னும் பத்து வருஷத்துல பெட்ரோல் வண்டியெல்லாம் மியூசியத்துலதான் பார்க்கணும். அந்த மெக்கானிக் கடைங்களும் அப்படியே மறைஞ்சு போயிரும்."

செந்தில் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தான். நான் அதை உற்சாகப்படுத்துவதாக எடுத்துக்கொண்டு, பேட்டரியின் வேதியியலுக்குள் போனேன். ஏகாம்பரம், "அப்பிடியாம்மா?" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்த பிறகுதான் செந்தில் சொன்னான். "அக்கா, அவரு ஆர்காட் ரோடுல முப்பது வருஷமா பைக் மெக்கானிக் ஷெட் வெச்சிருக்காரு. அந்த ஷெட்டு வருமானத்துலதான் கவிதா படிச்சா, அவ தங்கச்சி படிக்கிறா."

தெருவில் அப்படியே நின்றுவிட்டேன். கவிதாவின் அப்பா தன் மனைவியிடம், "நம்ம தொழிலை மதிக்கிற எடமான்னு பாரு" என்று கேட்டதாக இரண்டு நாள் கழித்துச் சேதி வந்தது. செந்தில் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. கவிதா அழுது, அம்மாவைப் பிடித்து, ஒருவழியாக நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, வடபழனியில் ஒரு மண்டபம். மாலை நாலரைக்கு ராகு காலம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும்.

"அன்னிக்கு முடியற வரைக்கும் பேட்டரின்ற வார்த்தையே உன் வாயில வரக்கூடாது" என்று செந்தில் கையெடுத்துக் கும்பிட்டான். சத்தியம் செய்து கொடுத்தேன். பிராயச்சித்தமாக நிச்சயப் புடவைக்கான பொறுப்பையும் நானே ஏற்றுக்கொண்டேன். தி.நகரில் மூன்று கடை ஏறி இறங்கி, மயில் கழுத்து நிறத்தில் பட்டு எடுத்தேன். ரவிக்கையில் ஆரி வேலைப்பாடு செய்யச் சிந்தாதிரிப்பேட்டை யூசுஃப் பாயிடம் கொடுத்தேன். அவர் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகத் துணியில் ஊசியால் கோலம் போடுகிறார்கள். வேலை அற்புதமாக இருக்கும். சொன்ன தேதிக்கு மட்டும் வராது.

இந்த முறையும் அப்படித்தான். நிச்சயதார்த்தத்தன்று மதியம் இரண்டு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். வீட்டில் எல்லாரும் வேனில் வடபழனி கிளம்பினார்கள். புடவையையும் ரவிக்கையையும் நான் நேராக மண்டபத்துக்குக் கொண்டுவருவதாக ஏற்பாடு.

"ஆட்டோல போயிட்டு வா" என்றார் முரளி. "இல்லேன்னா என் வண்டியில நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

"உங்க வண்டி கிளம்பறதுக்குள்ள ராகு காலம் முடிஞ்சே போயிரும்" என்றேன்.

அன்று காலை பத்து மணிக்கு, எங்கள் கட்டடத்துப் பார்க்கிங்கில் வண்டியை சார்ஜில் போட்டிருந்தேன். போட்டுவிட்டுப் படியேறும்போது, வழக்கம்போல விளக்கு, மோட்டார் என்று போட்டிருக்கிற சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். மின்சாரத்தை வீணாக்கினால் எனக்கு ஆகாது. அந்த வேகத்தில் என் வண்டியின் சுவிட்சையும் என் கையாலேயே அணைத்துவிட்டுப் போயிருக்கிறேன். ஒன்றே முக்காலுக்கு, பட்டுப் புடவையும் ஹெல்மெட்டுமாக வந்து பார்த்தால் இருபத்திநாலு சதவீதம். திரையில், இருபத்தெட்டு கிலோமீட்டர் போகலாம் என்று காட்டியது.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். மயிலாப்பூரிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை ஆறு, அங்கிருந்து வடபழனி ஒன்பது. மொத்தம் பதினைந்து. பதின்மூன்று கிலோமீட்டர் மிச்சம். இயற்பியல் பொய் சொல்லாது என்று கிளம்பினேன்.

இயற்பியல் பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குச் சென்னையின் ஒருவழிப் பாதைகள் தெரியாது. பள்ளம் தோண்டி, தகரம் அடித்து, 'மாற்றுப்பாதை' என்று எழுதிவைத்திருந்த இடங்களும் தெரியாது. ஆறு கிலோமீட்டர் பத்தாயிற்று. யூசுஃப் பாய் கடையில், "பைட்டுங்கம்மா, உக்காருங்க, அஞ்சே நிமிஷம், ஹூக் மட்டும்தான் பாக்கி" என்றார். ரவிக்கைக்கு எத்தனை ஹூக் இருக்க முடியும்? அன்று அதற்கு ஐம்பது நிமிஷம் பிடித்தது. என்னை உட்காரவைத்து டீயும் சமோசாவும் கொடுத்தார். ரவிக்கையை விரித்துக் காட்டியபோது கழுத்தோரம் இரண்டு மயில்கள் தோகை விரித்து நின்றன. கோபம் போன இடம் தெரியவில்லை. "மாஷா அல்லா, பொண்ணு போட்டா நெலா மாதிரி இருக்கும். ஜாக்கிரதையா கொண்டு போங்க" என்று புடவையோடு சேர்த்துத் துணிப்பையில் வைத்துக் கொடுத்தார்.

வெளியே வரும்போது மூன்று மணி. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வண்டியை வேக நிலைக்கு மாற்றினேன். (இருபத்தெட்டு கிலோமீட்டர் என்று திரை சொன்னது மெதுவாகப் போகிறவர்களுக்கு என்பது கையேட்டின் நாற்பதாவது பக்கத்தில் இருக்கிறதாம். கையேட்டை யார் படிக்கிறார்கள்?) நுங்கம்பாக்கத்தில் ஒன்பது சதவீதம். கோடம்பாக்கம் பாலம் ஏறும்போது இரண்டு. பாலத்தின் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க சார்ஜ் ஏறி மூன்றானது. இயக்க ஆற்றல் மின்னாற்றலாக மாறுகிறது! எனக்குப் புல்லரித்தது. அடுத்த சிக்னலில் மறுபடி ஒன்று. வடபழனிக்கு இரண்டரை கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு பக்கத்துத் தெருமுனையில் வண்டி நடைவேகத்துக்கு இறங்கி, அப்புறம் நின்றேவிட்டது. சத்தமில்லாமல் ஓடுகிற வண்டியாதலால், நின்றுவிட்டதைக்கூட ஒரு நொடி கழித்துத்தான் உணர்ந்தேன். மணி மூன்று முப்பத்தைந்து.

ஆட்டோ பிடித்துப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அன்றிலிருந்து எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் ஆட்டோவில் போய் இறங்கினால் ஏகாம்பரம் என்ன நினைப்பார்? 'இன்னாம்மா, மியூசியத்துக்குப் போயிட்சா வண்டி?' என்று கேட்கமாட்டாரா? பத்து நிமிடம் எங்காவது செருகினால் போதும், இரண்டரை கிலோமீட்டர்தானே. சார்ஜர் சீட்டுக்கு அடியிலேயே இருந்தது.

ஜூஸ் கடைக்காரரிடம் கேட்டேன். "காலையிலிருந்தே இந்தத் தெருவுல கரண்ட் இல்லம்மா" என்றார். மருந்துக் கடையிலும் அதே பதில். அப்போதுதான் தெருவோரத்தில் ஒரு பெரிய பழைய லாரியைப் பார்த்தேன். அந்தப் பக்கம் படப்பிடிப்புக்கு வாடகைக்குப் போகிற ஜெனரேட்டர் வண்டிகள் நிறுத்தியிருப்பார்கள். அதில் ஒன்று. லுங்கி கட்டிய ஒருவர் அதன் படியில் உட்கார்ந்து தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர் தாஸ் என்று பிறகு தெரிந்தது.

"இன்னாக்கா, பெட்ரோல் தீந்துபோச்சா?"

"பெட்ரோல் வண்டி இல்லீங்க, கரண்ட் வண்டி. சார்ஜ் தீர்ந்துபோச்சு. அங்க நிச்சயதார்த்தம். பொண்ணுக்குப் புடவை என் கையில இருக்கு."

தாஸ் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தார். "கரண்டுதானே? நம்மாண்ட இல்லாத கரண்டா? இதுல ஒரு கோட்டைக்கே லைட்டு போட்டுக்கீறேன்கா. ஒன் வண்டி எம்மாத்திரம்! வயரைக் குடு."

அடுத்த நிமிடம் அந்த ஜெனரேட்டர் உயிர்பெற்றது. முதலில் ஒரு உறுமல். பிறகு தெருவே அதிர்கிற மாதிரி தடதடதடவென்று சத்தம். கன்னங்கரேலென்று டீசல் புகை மேலே எழும்பி, மொட்டைமாடிகளில் காயப்போட்ட துணிகள் பக்கம் போனது. ஜன்னல்கள் திறந்தன. "இன்னா ஷூட்டிங்கு? யாரு ஹீரோயினு?" என்று கூட்டம் கூடியது. பட்டுப் புடவை கட்டி நடுவில் நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்து, "அம்மா வேஷம் போல" என்று ஒரு பெண்மணி முடிவு சொன்னார். அந்த மாபெரும் லாரியிலிருந்து ஒரு மெல்லிய வயர் இறங்கி என் பைக்குக்குள் போய்க்கொண்டிருந்தது. காற்றை மாசுபடுத்தாத வண்டி என்று பின்பக்கம் பச்சை எழுத்தில் ஒட்டியிருந்தது. புகையில் அது சரியாகத் தெரியாதது ஒரு ஆறுதல்.

முரளியின் போன் வந்தது. இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கத்தினேன். "சார்ஜ் தீர்ந்துபோச்சு! ஜெனரேட்டர்ல போட்டிருக்கேன்! பத்து நிமிஷம்!"

அங்கேயும் கேட்கவில்லையாம். முரளி போனை ஸ்பீக்கரில் போட்டு, "என்னது, திரும்பச் சொல்லு" என்றார். நான் அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்து, "பேட்டரி காலி! டீசல் ஜெனரேட்டர்ல சார்ஜ் ஏத்தறேன்! அந்த மெக்கானிக் மாமாவுக்கு மட்டும் தெரியக்கூடாது!" என்று கத்தினேன்.

 மறுமுனையில் ஏகாம்பரத்தின் குரல் நிதானமாகக் கேட்டது. "எந்தத் தெரும்மா?"

பூமி அங்கேயே பிளந்திருக்கலாம். ஏற்கெனவே நிறைய தோண்டி வைத்திருந்தார்கள், கஷ்டமே இருந்திருக்காது. 

எட்டு நிமிடத்தில் வந்துவிட்டார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை, நெற்றியில் விபூதி. ஓட்டிவந்தது அவருடைய பழைய பெட்ரோல் பைக். இறங்கி என்னைப் பார்த்தார். என் வண்டியைப் பார்த்தார். வயர் வழியாகக் கண்ணாலேயே போய் லாரியைப் பார்த்தார். மேலே புகையைப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து அந்த ஜெனரேட்டரின் சத்தத்தைக் கேட்டார். முகம் சுளித்தது.

"யோவ், இன்ஜெக்டர் பாத்து எத்தினி நாளாச்சு? இப்பிடிப் பொகை கக்குது!"

"ஒரு வருஷம் ஆவும் நைனா" என்றார் தாஸ்.

"ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு. ஸ்பேனர் கீதா?"

பெண்ணைப் பெற்றவர், நிச்சயதார்த்த தினத்தில், ராகு காலத்துக்கு முப்பத்தைந்து நிமிடம் இருக்கையில், பட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஜெனரேட்டருக்குள் தலையை விட்டுவிட்டார். நான் ஓடிப்போய், "மாமா! தட்டு மாத்தணும் மாமா!" என்று கெஞ்சினேன். அவர் தூக்கத்தில் எழுந்தவர்போல விழித்து, "ஆமால்ல" என்றார். தாஸிடம், "நாளைக்கி வண்டிய ஷெட்டாண்ட எட்த்துனு வா" என்று சொல்லிவிட்டு, என் வண்டித் திரையை எட்டிப் பார்த்தார். ஒரு சதவீதம்.

"இத்தெ நம்பிப் போவ வேணாம். ஆஃப் பண்ணிட்டு மேல குந்து. நேரா புட்சிக்கோ. நான் தள்றேன்."

சென்னையில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான் அது. அவர் தன் பைக்கில் பக்கத்தில் வந்து, இடது காலை நீட்டி என் வண்டியின் பின் ஃபுட்ரெஸ்டில் வைத்து உந்தினார். அவர் இன்ஜின் தடதடக்க, என் வண்டி ஒரு மகாராணி மாதிரி சத்தமின்றி நகர்ந்தது. ஆர்காட் ரோடு முழுக்க அப்படியே போனோம். இரண்டு சிக்னல். எல்லாரும் பார்த்தார்கள். நான் எதிரே வெறித்துப் பார்த்தபடி போனேன். வழியில் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: "பெட்ரோல் வண்டின்னாலும் இப்பிடித்தாம்மா தள்ளுவேன். வெக்கப்படாத."

 அதைக் கேட்டு நெகிழ்ந்த மனநிலையோடு இறங்கிப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் வந்திருக்காது.

மண்டபம் கண்ணில் பட்டது. வாசலில் இரண்டு வீட்டு ஜனமும் நின்றிருந்தது. வரவேற்பு மேஜையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், ஒரு பெரிய தட்டு நிறையக் கல்கண்டு, ரோஜாப்பூ. கவிதாவின் அத்தை பன்னீர்ச் செம்போடு நின்றார். போட்டோகிராபர் வேறு கேமராவைத் தூக்கிவிட்டார். அப்போது எனக்குள் இருந்த பழைய ஆள் தலைதூக்கினாள். தள்ளிக்கொண்டு வந்த மாதிரி படத்தில் விழக்கூடாது. நானே ஓட்டிவந்த மாதிரி இருக்கட்டும். ஏகாம்பரம் காலை எடுத்ததும் சாவியைத் திருப்பிப் பொத்தானை அமுக்கி, கம்பீரமாகப் புன்னகைத்து, ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகினேன். வேலை செய்யாது என்ற தைரியம்தான்.

வேலை செய்தது. வேக நிலையிலிருந்து நான் அதை மாற்றியிருக்கவில்லை. அந்தக் கடைசி ஒரு சதவீதத்தில் அவ்வளவு வேகம் எங்கே ஒளிந்திருந்தது என்று கம்பெனிக்காரர்களாலும் எனக்கு விளக்க முடியவில்லை. ஒரு சின்ன சத்தம்கூட இல்லாமல் வண்டி சாய்தளத்தில் ஏறியது. ஜனங்கள் இரண்டு பக்கமும் விலகினார்கள். வரவேற்பு மேஜை மட்டும் விலகவில்லை.

முதலில் கல்கண்டு பறந்தது. பிறகு சந்தனக் கிண்ணம் எழும்பி என் தோளில் கவிழ்ந்தது. குங்குமம் என் ஹெல்மெட்டில் கொட்டியது. அத்தை பயந்துபோய்க் கையிலிருந்த பன்னீர்ச் செம்பை உதற, நல்ல வரவேற்பாகவே அமைந்தது. வண்டி மேஜையில் முட்டி, மிச்ச சார்ஜும் தீர்ந்து, அங்கேயே நின்றது. யாருக்கும் அடியில்லை. நான் ஒரு கையால் ஹேண்டில்பாரையும் இன்னொரு கையால் தலைக்கு மேல் அந்தத் துணிப்பையையும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். மயில்கள் மேல் ஒரு சொட்டு சந்தனம் படவில்லை.

 உருண்டுகொண்டிருந்த கல்கண்டுச் சத்தம் மட்டும் கேட்டது. செந்தில் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். எல்லாரும் ஏகாம்பரத்தைப் பார்த்தார்கள். அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு மெல்ல நடந்து வந்தார். மேஜையிலிருந்து தெருவரைக்கும் தூரத்தைக் கண்ணால் அளந்தார். மீசையைத் தடவினார்.

"பிக்கப் நல்லா கீதும்மா" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. கவிதாதான். முழு அலங்காரத்தோடு, கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் மை கரைய மடங்கி மடங்கிச் சிரித்தாள். அவ்வளவுதான், மண்டபமே சிரித்தது. முரளி சிரித்த சிரிப்பைப் பார்த்தால், தன் பைக்கை இருபது வருடமாக உதைத்ததற்கெல்லாம் பலன் கிடைத்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. சந்தனம் வாய்க்குள் போகப் போகச் சிரித்தேன்.

கவிதா பத்து நிமிடத்தில் புடவை மாற்றி வந்தாள். யூசுஃப் பாய் சொன்னது சரிதான், நிலா மாதிரிதான் இருந்தாள். நாலு இருபத்தாறுக்குத் தட்டு மாற்றினார்கள். மாற்றும்போது ஏகாம்பரம் என் அப்பாவிடம், "எனக்கு ஒரு பயம் இருந்துச்சு சம்பந்தி. ரொம்பப் படிச்ச எடம், நம்மள மாரி ஆளுங்கள மதிப்பாங்களோ இன்னாவோன்னு. இன்னிக்கி டீச்சரம்மாவப் பார்த்தேன். பயம் போயிட்சு. நம்மளவிட மோசமாத்தான் கீறாங்க" என்றார்.

மறுவாரம் அவர் ஷெட்டுக்கு என் வண்டியை எடுத்துப்போனேன். முன்சக்கரம் லேசாகக் கோணியிருந்தது. அவர் அதை நிமிர்த்திவிட்டு, "உள்ள இன்னா கீது, தொற, பாக்கலாம்" என்றார். கண்ட்ரோலர், மோட்டார் என்று நான் சொல்லச் சொல்ல, குழந்தை மாதிரி கேட்டுக்கொண்டார். இப்போது ஷெட்டில் கரண்ட் வண்டிகளுக்கும் பிரேக், டயர் வேலை பார்க்கிறார். முரளியின் வண்டியும் அங்கேதான் போகிறது. ஏகாம்பரம் கை வைத்த பிறகு அது மூன்றாவது உதையிலேயே கிளம்புகிறது. மேல்வீட்டுக் குழந்தைக்கு அலாரம் வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நான் இன்னமும் கரண்ட் பைக்தான் ஓட்டுகிறேன். ஆனால் எங்கள் இரண்டு குடும்பத்திலும் எந்தக் கல்யாணம், காதுகுத்து என்றாலும், நான் வீட்டிலிருந்து கிளம்பிவிட்டேன் என்று தகவல் போனதும், வரவேற்பு மேஜையைத் தூக்கி உள்ளே வைத்துவிடுகிறார்கள். போன மாதம் கவிதாவின் தங்கைக்குக் கல்யாணம். அதே மண்டபம். மழை என்பதால் மெட்ரோ ரயிலில் போய் வடபழனியில் இறங்கி, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனேன். வாசலில் ஏகாம்பரம் ஒரு பக்கமும் செந்தில் இன்னொரு பக்கமுமாக மேஜையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 

"வெச்சிருங்க மாமா, நான் மெட்ரோவுலதான் வந்தேன்" என்றேன்.

அவர் மேஜையைக் கீழே வைக்கவில்லை.

"அதுவும் கரண்டுலதானேம்மா ஓடுது" என்றார்.